ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் ஒரு குவார்ட்டர்பேக்

அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுமாறுகிற இளம் குவார்ட்டர்பேக் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் சரி, இரண்டாவது நிமிஷத்திலேயே யாராவது ஒருவர் பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் ஆலன் பேரை இழுத்துவிடுவார். ஆலனும் முதல் ரெண்டு வருஷம் இப்படித்தானே இருந்தான், மூணாவது வருஷம் என்ன ஆச்சு பார்த்தீங்கல்ல என்பார். நியூயார்க் ஜெட்ஸ் ரசிகர்கள் ஸாக் வில்சனுக்காக இதைச் சொன்னார்கள், இண்டியானாபொலிஸ்காரர்கள் ஆன்டனி ரிச்சர்ட்சனுக்காகச் சொன்னார்கள், இப்போது மினசோட்டாவில் ஜே.ஜே. மெக்கார்த்திக்காகச் சொல்கிறார்கள். நான் இருப்பது ராச்செஸ்டரில், அதாவது பஃபலோ பில்ஸ் அணிக்காக உயிரை விடுகிற வட்டாரம். ஆலன் மோசமாக ஆடிய காலத்தில் இங்கே நடந்த வாக்குவாதங்களைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் என்பதால் இந்த உதாரணத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அணியில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ஒவ்வொரு ஆட்டத் துண்டையும் ஆரம்பித்து வைப்பவர். பந்தை வாங்கி, எதிரணித் தடியர்கள் தன்மேல் பாய்ந்து வர எடுத்துக்கொள்ளும் மூன்று விநாடிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரில் யாருக்கு எறிவது என்று முடிவு செய்து, அவர் இப்போது நிற்கும் இடத்துக்கு இல்லாமல் வந்து சேரப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும். நூறு எறிந்தால் எத்தனை நம் ஆள் கையில் விழுகிறது என்பதுதான் அவரை அளக்கிற முதல் கணக்கு. இன்றைய ஆட்டத்தில் அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால் நல்லது, அறுபதுக்குக் கீழே போனால் ஊர் பேச ஆரம்பித்துவிடும்.

ஆலனுக்கு 2018இல், முதல் வருஷத்தில், அது 52.8.

ஊர் பேசத்தான் செய்தது. அதுவும் சாதாரண ஊரா இது? 1991 முதல் 1994 வரை நான்கு வருஷம் தொடர்ந்து சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்ற அணி. ஜிம் கெல்லி 1996 சீசனோடு விடைபெற்றபின் உருப்படியான குவார்ட்டர்பேக்கே கிடையாது. பதினேழு சீசன் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றுப் பக்கமே போகவில்லை. 2013இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்டின் முதல் சுற்றில் இ.ஜே. மானுவலை எடுத்தார்கள், ஒன்றும் தேறவில்லை. 2017 நவம்பரில் நேதன் பீட்டர்மன் முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கிய நாளில், முதல் பாதியிலேயே ஐந்து இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது ஐந்து தடவை பந்தை எதிரணி கையில் எறிந்தார். இத்தனையையும் பார்த்துச் சலித்த ஜனங்களிடம், டிராஃப்ட்டில் பன்னிரண்டாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு ஏற இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கிற வாய்ப்பு இரண்டைக் கொடுத்து, வயோமிங் என்ற சின்னக் கல்லூரி அணியிலிருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன சொல்வார்கள்? அங்கேயும் நூற்றுக்கு ஐம்பத்தாறு சொச்சம்தான். கல்லூரியிலேயே குறி தப்புகிறவன் இங்கே வந்து திருந்த மாட்டான் என்பது அப்போது புள்ளிவிவரக்காரர்கள் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்த விதி.

எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு புள்ளிவிவரக்காரர் இருந்தார். மதிய உணவு நேரத்தில் ஆலனைப் பற்றி யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். அவருக்கு நேர் எதிர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்த நான்கு சூப்பர் பவுல்களையும் பார்த்தவர், ஆனால் நம்பிக்கையை விடாதவர். அவருடைய வாதம் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பையன் கையைப் பார், அந்தக் காற்றில் யாரால் அப்படி எறிய முடியும்? டிசம்பரில் ஈரி ஏரிக் காற்று வீசும்போது ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்தில் பந்து என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்களுக்கு அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் இருக்கிறான், கனடாப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து ஆட்டம் பார்க்கும் கூட்டத்தில் ஒருத்தன். அவன் ஒரே வரியில் முடித்தான்: "அவன்ர கையில பலம் இருக்கு மச்சான், எங்க எறியிறதெண்டுதான் தெரியாது."

இரண்டாம் வருஷம் 58.8க்கு ஏறியது. அணியும் பத்து ஆட்டம் ஜெயித்து பிளேஆஃப் போனது. அப்புறம் 2020 ஜனவரி 4, ஹூஸ்டன். பதினாறுக்குப் பூஜ்ஜியம் என்று முன்னிலையில் இருந்த ஆட்டம். ஆலனே ஒரு பாஸை ஓடிப்போய்ப் பிடித்து, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்த ஆட்டம். அதைக் கூடுதல் நேரத்தில் 22-19 என்று தோற்றார்கள். கடைசி நிமிஷத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், என்ன நினைத்தாரோ, ஆட்கள் சூழ்ந்து நிற்கும்போது பந்தைத் தோளுக்குப் பின்னால் தன் அணியின் டாசன் நாக்ஸ் பக்கம் வீசினார். பந்து உருண்டு வெளியே போனதால் பிழைத்தார்கள். அந்த ஒரு வீச்சைப் பற்றி மட்டுமே இந்த ஊரில் மார்ச் வரை பேசினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு கூட்டத்துக்கு அது கிறுக்குத்தனம், இன்னொரு கூட்டத்துக்கு அது எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறி. பார்த்தது ஒரே காட்சிதான்.

சரி, ஜனவரியில் தோற்ற ஒருவன் ஆகஸ்டுக்குள் என்ன செய்ய முடியும்? ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. குளிர்காலத்தில் அணியின் பயிற்சியாளர் அவனோடு உட்கார்ந்து ஃபுட்பால் சொல்லித்தரக் கூடாது. லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம் அதை அனுமதிப்பதில்லை. ஏப்ரல் நடுவில்தான் அணியின் ஆஃப்சீசன் பயிற்சி, அதாவது ஆட்டமில்லாத மாதங்களில் நடக்கிற பயிற்சி, ஆரம்பிக்கும். 2011 ஒப்பந்தத்துக்கு முன்னால் பதினான்கு வாரம் இருந்தது, இப்போது ஒன்பது வாரம், அதிலும் முதல் பகுதி வெறும் உடற்பயிற்சிதான். ஆக, யாருக்கு உதவி அதிகம் தேவையோ அந்த இருபத்திரண்டு வயதுப் பையன்தான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தனியாக விடப்படுகிறான். அந்த இடைவெளியில்தான் தனியார் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர்கள் என்ற ஒரு தொழிலே வளர்ந்து நிற்கிறது.

அந்தத் தொழிலின் மூத்தவர் டாம் ஹவுஸ். அவர் ஃபுட்பால்காரரே இல்லை, பேஸ்பாலில் பந்து எறிகிற பிட்சர். பேஸ்பால் நட்சத்திரம் ஹாங்க் ஏரன் 1974இல் தன் 715ஆவது ஹோம் ரன்னை அடித்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர் அவர்தான். பந்து எறிவதில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்பாகவே எடுத்துக்கொண்டு, பின்னாளில் டாம் பிரேடி, ட்ரூ ப்ரீஸ் போன்ற பெரிய குவார்ட்டர்பேக்குகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எறிதல் என்பது கையின் வேலை இல்லை, தரையில் ஆரம்பிக்கிற வேலை என்பது இந்தப் பள்ளிக்கூடத்தின் பாலபாடம். முன்கால் ஊன்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், அதற்குப் பின்னால் தோள், கடைசியில்தான் கை. இந்த வரிசை குலைந்து தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பினாலோ கை முந்திக்கொண்டாலோ பந்தில் வேகம் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் போய் விழும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதென்றால், வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் ஆக்‌ஷனை மாற்றிக்கொள்வது மாதிரியான காரியம் இது. வலையில் எல்லாம் சரியாக இருக்கும், மேட்ச்சில் ரெண்டு பவுண்டரி போனதும் உடம்பு பழைய வழிக்குத் திரும்பிவிடும்.

டிம் டீபோ என்ற குவார்ட்டர்பேக்கின் கதை அதுதான். எறிவதற்கு முன் கையை இடுப்புவரை இறக்கிச் சுற்றிக் கொண்டுவருகிற அவருடைய பழக்கத்தைத் திருத்த 2010 டிராஃப்ட்டுக்கு முன்னாலேயே பாடுபட்டார்கள். அவரைவிட உழைத்தவர் யாரும் இருக்க முடியாது, எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். 2011இல் டென்வருக்காக ஆட்டத்தில் இறங்கி, கடைசி நிமிஷ வெற்றிகளாக வாங்கிக் குவித்தார், நாடே பார்த்தது, ஆனால் நூற்றுக்கு 46.5தான் கையில் விழுந்தது. அடுத்த மார்ச்சில் பெய்ட்டன் மானிங் என்ற பெரிய குவார்ட்டர்பேக் வந்தார், டீபோவை ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ரசிகர்களோடு எனக்குப் பெரிய சண்டை. ஒவ்வொரு ஆஃப்சீசனிலும் வாக்குவாதம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்: பையன் உழைக்கிறானா இல்லையா. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, எதிரே தடுப்பாளர் ஒருத்தர்கூட இல்லாத புல்வெளியில், ஓடுகிறவன் கையில் அழகாகப் பந்தைப் போடுகிற பதினைந்து விநாடி வீடியோ ஒன்று வரும். ஒரு பக்கம் "பார், என்ன உழைப்பு" என்று கொண்டாடும், இன்னொரு பக்கம் "போன வாரம் ஏதோ கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்தானே" என்று படம் காட்டும். இரண்டும் வெட்டிப்பேச்சு. முதல் சுற்றில் எடுக்கப்பட்ட பையன்களில் ஒருசிலரைத் தவிர எல்லாரும் உழைக்கத்தான் செய்கிறார்கள், ஜெயித்தவனும் உழைத்தான், தோற்றவனும் உழைத்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவனிடம் இருக்கிற கோளாறு எந்த வகை, அது ஆளில்லாத புல்வெளியில் சரியாகக்கூடிய வகைதானா?

ஆலனின் கோளாறில் ஒரு பெரிய பகுதி அந்த வகை. கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்கிற விவசாய ஊரில் வளர்ந்தவர், பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் சீண்டவில்லை, ரீட்லியில் ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டு ஊர் ஊராக மின்னஞ்சல் போட்டுத்தான் வயோமிங்கில் இடம் வாங்கினார். பதினான்கு வயதிலிருந்தே தனிப் பயிற்சியாளர் வைத்து இழைக்கப்பட்டு வருகிற நகரத்துப் பையன்களிடம் திருத்த மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இவரிடம் நிறைய இருந்தது. ஜோர்டன் பாமர் என்ற முன்னாள் குவார்ட்டர்பேக், கார்சன் பாமரின் தம்பி, டிராஃப்ட் காலத்திலிருந்தே இவருக்குப் பயிற்சி தந்தவர். 2020 ஆஃப்சீசனில் உடம்பில் சென்சார்களை மாட்டி, எறியும்போது எந்த மூட்டு எப்போது திரும்புகிறது என்று கணினியில் அளந்து, அந்த அளவை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். கண்ணால் பார்த்து "முழங்கையைத் தூக்கு" என்று சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். 2019இலும் 2020இலும் அவர் எறிவதை அடுத்தடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கையைப் பார்க்காமல் பெல்ட்டைப் பாருங்கள். பழையதில் குறுகிய பாஸுக்கும் மொத்த உடம்பும் ஒரே மூட்டையாகத் திரும்பும், ஐந்து கஜத்தில் நிற்பவனுக்கும் அதே வேகம். புதியதில் இடுப்பு முன்னால் போய்விட, தோள் நிதானமாகப் பின்தொடரும், கிட்டே நிற்பவனுக்கு மென்மையாகப் போய்ச் சேரும்.

அந்த வருஷம் கொரோனா. அணிக் கூடங்கள் பூட்டிக்கிடந்தன, பாடமெல்லாம் கணினித் திரையில். ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள்கூடக் கிடையாது. இளம் குவார்ட்டர்பேக்குகள் எல்லாரும் பின்தங்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஆலன் ஃபுளோரிடாவில் தன் அணியின் பந்து பிடிப்பவர்களை அழைத்து வைத்து எறிந்துகொண்டிருந்தார். செப்டம்பரில் முதல் ஆட்டத்தில் ஜெட்ஸுக்கு எதிராக 312 கஜம், அடுத்த வாரம் மயாமிக்கு எதிராக 415 கஜம், நான்கு டச்டவுன். வருஷ முடிவில் 69.2 சதவீதம், 37 டச்டவுன், பதின்மூன்று வெற்றி. 1995க்குப் பிறகு முதன்முறையாக பில்ஸ் தன் பிரிவில் முதலிடம். எங்கள் அலுவலகப் புள்ளிவிவரக்காரர் நவம்பர் வாக்கில் "மாதிரி அளவு போதாது" என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் பனி அள்ளுவதை நிறுத்திவிட்டு வேலியோரமாக வந்து, அவருக்கே உரிய நிதானத்தில், நான் சொன்னேனா இல்லையா என்று கேட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டார்.

இதுவரைதான் எல்லாரும் சொல்கிற கதை. மிச்சப் பாதி இனிமேல்.

அந்த 2020 மார்ச்சில் பில்ஸ் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கிற வாய்ப்பைக் கொடுத்து மினசோட்டாவிலிருந்து ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். அந்த சீசனில் லீகிலேயே அதிகமாக 127 பாஸ் பிடித்தவர் அவர். அதற்கு முந்தைய வருஷமே ஜான் பிரவுன், கோல் பீஸ்லி இருவரையும் பிடித்துப்போட்டு, முன்வரிசைத் தடுப்பையும் கிட்டத்தட்ட புதிதாகக் கட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத் திட்டம் போடுகிற பிரையன் டேபோல் 2018இலிருந்து அதே நாற்காலியில். மூன்றாம் வருஷமும் அதே பாஷை, அதே பெயர்கள், அதே சைகைகள். மனசில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் ஆலனுக்கு இல்லை. இடுப்பைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, டிக்ஸைப் பற்றிச் சொல்கிறவர்கள் இடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்கு சாம் டார்னால்டைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே 2018 டிராஃப்ட், ஆலனுக்கு நான்கு இடம் முன்னால், மூன்றாவதாக ஜெட்ஸ் எடுத்தது. அவரும் கலிஃபோர்னியாக்காரர். டிராஃப்ட்டுக்கு முன் அவரையும் பயிற்றுவித்தவர் அதே ஜோர்டன் பாமர்தான். அவர் எறிகிற விதம் ஆலனுடையதைவிடச் சுத்தமானது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் ஒரே வருஷத்தில் தலைமைப் பயிற்சியாளர் மாறினார், திட்டம் மாறியது, முன்வரிசை ஓட்டை. 2019 அக்டோபரில் பேட்ரியாட்ஸுக்கு எதிராக 33-0 என்று தோற்ற இரவில் நான்கு இன்டர்செப்ஷன். பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பேய் தெரிகிறது என்று அவர் சொன்னதை மைக் பிடித்து நாட்டுக்கே ஒலிபரப்பியது. 2021இல் ஜெட்ஸ் அவரைக் கைகழுவியது. அதற்குப் பின் கரோலினா, சான் ஃபிரான்சிஸ்கோவில் பெஞ்ச், கடைசியாக 2024இல் மினசோட்டா. கெவின் ஒகானல் என்ற பயிற்சியாளர், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற பந்து பிடிப்பவர், ஒழுங்கான திட்டம். பதினான்கு வெற்றி, 35 டச்டவுன். அந்த ஜெஃபர்சன் யார் தெரியுமா? டிக்ஸுக்காக பில்ஸ் கொடுத்த அந்த டிராஃப்ட் வாய்ப்பில் மினசோட்டா எடுத்த ஆள்.

இப்போது ரிச்சர்ட்சனுக்கு வருவோம். 2023இல் நான்காவதாக எடுக்கப்பட்டார். ஃபுளோரிடா பல்கலையில் ஒரே ஒரு வருஷம் தொடக்க ஆட்டக்காரர், அங்கேயும் 53.8. உடம்பு ஆலனைப் போலவே, கை ஆலனைப் போலவே, அதனால் "அடுத்த ஆலன்" என்று எழுதாத ஆளில்லை. முதல் வருஷம் நான்கு ஆட்டத்தில் தோள் போய் அறுவை சிகிச்சை. 2024இல் 47.7. ஹூஸ்டன் ஆட்டத்தில் களைப்பாக இருக்கிறது என்று ஒரு துண்டுக்கு வெளியே வந்து நின்றது பெரிய விவகாரமாகி, இரண்டு ஆட்டத்துக்கு அவரை உட்கார வைத்துவிட்டு ஜோ ஃப்ளாக்கோவை இறக்கினார்கள். 2025 ஆஃப்சீசன்தான் அவருக்கு வாழ்வா சாவா. டேனியல் ஜோன்ஸைக் கூட்டிவந்து போட்டி என்று அறிவித்துவிட்டார்கள். ஜூனில் அதே தோள் மறுபடி வலித்து, எந்த வாரங்களில் எறிய வேண்டுமோ அந்த வாரங்களில் எறிய முடியாமல் போனது. ஆகஸ்டில் ஜோன்ஸ் பெயரை அறிவித்தார்கள். அக்டோபரில் ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப் செய்யும்போது இழுக்கிற ரப்பர் பட்டை தெறித்து முகத்தில் அடித்து, கண்குழி எலும்பு உடைந்தது. இந்தப் பையனை "உழைக்கவில்லை" என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவருக்குத் தேவைப்பட்டது ஆட்டத்தில் எறிகிற எண்ணிக்கை, அது ஆஃப்சீசனில் கிடைக்காது. ஆலன் முதல் இரண்டு வருஷத்தில் மோசமாக எறிந்தார், ஆனால் எறிந்துகொண்டே இருந்தார். ரிச்சர்ட்சனுக்கு அந்த மோசமான வருஷங்கள்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

மினசோட்டாவுக்கும் இப்போது அதே தலைவலி. பதினான்கு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த டார்னால்டை சியாட்டிலுக்கு விட்டுவிட்டு, மெக்கார்த்தியை நம்பினார்கள். அவர் 2025இல் பாதி நாள் அடிபட்டும் மீதி நாள் தடுமாறியும் ஆடினார். ரசிகர்கள் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து எறிகிற வீடியோக்களை விநாடி விநாடியாக நிறுத்தி ஆராய்கிறார்கள். அவரிடம் கை, இடுப்பு மட்டுமா பிரச்சினை, முதலில் பார்த்த ஆள் மூடப்பட்டிருந்தால் இரண்டாவது ஆளுக்கு எப்போது கண்ணைத் திருப்புவது என்பதிலும்தான். அதற்குத் தடுப்பாளர்கள் வேண்டும், அடி விழும் என்ற பயம் வேண்டும், புல்வெளியில் இரண்டுமே கிடையாது. ஆகஸ்டுப் பயிற்சி ஆட்டங்கள் வரும்போது ஐம்பது கஜம் பறக்கிற பாஸை விட்டுவிட்டு, மூன்றாவது முயற்சியில், பந்தைத் தக்கவைத்துக்கொள்ள இன்னும் நான்கு கஜம் தேவைப்படும்போது அவர் யாரைப் பார்க்கிறார், எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஸ்காபரோக்காரனிடம் இதைச் சொன்னபோது, மினசோட்டா வைக்கிங்ஸுக்கு நீ ஏன் கவலைப்படுறாய், முதல்ல எங்கட டிஃபென்ஸைப் பார் என்றான்.